எதிரில் வண்டி வராத ரோடு

கதவு இல்லாத கார் அது. மேலே கூரையும் கிடையாது, முன்னால் கண்ணாடியும் கிடையாது. முதல் முறை பார்த்தபோது வேலை பாதியில் நிற்கிறது என்றுதான் நினைத்தேன். "மீதிய எப்போ போடுவாங்க?" என்று மகளிடம் கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள்.

"இவ்ளோதாம்மா வண்டி. முடிஞ்சிடுச்சு."

குமணன்சாவடியில் மெயின் ரோட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் அந்தக் காரைக் கட்டினார்கள். என் மகளும் ஒரு மெக்கானிக்கும். மகள் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை செய்கிறாள். வண்டிகளுக்கான பாகங்கள் செய்கிற கம்பெனி. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் முதல் பூசை முடிந்ததும் என்னை வீட்டில் விட்டுவிட்டு ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு கொட்டகைக்குப் போய்விடுவாள். இருட்டும்போது கிரீஸ் வாசனையோடு வருவாள். எனக்கு அவள் ஒரே பிள்ளை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றி எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது, விட்டுவிடுகிறேன்.

இரும்புக் குழாய்களை ஒட்டவைத்து ஒரு சட்டம். அதற்குள் ஏதோ பழைய காரின் இஞ்சின். அதைச் சுற்றி ஆமைக்கு இருக்கிற மாதிரி மெல்லிசாக ஒரு ஓடு. இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். இவர்கள் இருவருக்கும் எடையைக் குறைப்பதுதான் பெரிய காரியம். ஒரு போல்ட்டைக் கழற்றி வேறு போல்ட் போட்டால்கூட இரண்டையும் கையில் வைத்துத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார்கள். மெக்கானிக் என்னிடம் பெருமையாகச் சொன்னார்: "ரெண்டு ஆளு புட்ச்சா பின்பக்கத்த அப்டியே தூக்கிடலாம்மா. அத்தினி லேசு."

அதைக் கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆள் தூக்கக்கூடிய வண்டியைக் காற்று தூக்காதா.

என் வீட்டுக்காரர் ஆவடி ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு முத்தாபுதுப்பேட்டையில் சின்னதாக வீடு கட்டினோம். ஒருநாள் காலையில் பூந்தமல்லிக்கு மீன் வாங்க மொபெட்டில் போனார். திரும்பி வரும்போது, குமணன்சாவடியைத் தாண்டுவதற்குள், சுற்றிக்கொண்டு போகச் சோம்பல்பட்டு ஒரு வேன் ராங் சைடில் வந்தது. ஆஸ்பத்திரியிலும் அதைத்தான் சொன்னார்கள், ஸ்டேஷனிலும் அதைத்தான் சொன்னார்கள், துக்கம் கேட்க வந்தவர்களும் அதைத்தான் சொன்னார்கள். "எதிர்ல வந்துட்டான்." அந்த ஒரு சொல் எனக்குள் உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பிறகு பஸ்ஸில் போனாலும் ஆட்டோவில் போனாலும் என் கண் எதிரே வருவதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். சாயங்காலம் மகளின் ஸ்கூட்டர் சத்தம் கேட் பக்கம் கேட்கும் வரை நான் உட்காரவே மாட்டேன். துடைத்த அடுப்பு மேடையையே துடைத்துக்கொண்டிருப்பேன்.

அப்படிப் பயப்படுகிற எனக்கு வந்து வாய்த்தது இந்தக் கார்.

வித்துடு, வித்துடு என்று சொல்லிப் பார்த்தேன். அழுதும் பார்த்தேன். ஒருநாள் காலையில் இட்லித் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "சரி. நீ ஒரே ஒரு தடவ வந்து பக்கத்துல உக்காரு. எறங்கினதும் வித்துடுன்னு சொன்னா வித்துடறேன். அதுக்கப்புறம் ஒரு வார்த்த பேசமாட்டேன்."

என் மகள் சொன்ன சொல் மாற மாட்டாள். அப்பாவைப் போல. அதனால் நான் உடனே சரி என்றேன். போவது, உட்காருவது, இறங்குவது, சொல்வது. அவ்வளவுதான். ஒரு சொல்லுக்காக அந்தப் பயத்தைத் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அதற்குப் பெயர் டிராக் டே. பந்தயம் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ரேஸ் ஓட்டுவதற்கென்றே வளைத்து வளைத்து ஒரு ரோடு போட்டிருக்கிறார்கள். சொந்தக் கார் வைத்திருப்பவர்கள் அதை ஒருநாள் வாடகைக்கு எடுத்து, முறை வைத்து ஓட்டிப் பார்ப்பார்கள். யாரும் ஜெயிப்பதும் இல்லை, பரிசும் இல்லை. "அப்புறம் எதுக்கு அவ்ளோ வேகம்?" என்று கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "போன தடவய விட அந்த வளைவ நல்லா எடுத்தேனான்னு பாக்கத்தான்" என்றாள். எனக்கு விளங்கவில்லை.

முதல் சங்கடம் உடுப்பில் வந்தது. புடவை கட்டிக்கொண்டு ஏறக் கூடாதாம். நைலான், பாலியஸ்டர் எதுவும் ஆகாது, நெருப்புப் பிடித்தால் உடம்போடு ஒட்டிக்கொள்ளும் என்றாள். நெருப்பு என்று அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். கையும் காலும் மூடுகிற பருத்தித் துணி வேண்டும். அவளுடைய உடுப்பு எதுவும் எனக்கு ஏறவில்லை. கடைசியில் பீரோவுக்கு அடியிலிருந்து அவர் ஃபேக்டரிக்குப் போட்டுக்கொண்டு போன காக்கி பேன்ட்டையும் முழுக்கைச் சட்டையையும் எடுத்தேன். இத்தனை வயதில் முதல் முறையாகப் புடவை இல்லாமல் தெருவில் இறங்கினேன். துப்பட்டா ஒன்றைப் போர்த்திக்கொண்டு, யார் வீட்டு வாசலையும் பார்க்காமல் நடந்தேன்.

காரை ஒரு லோடு வண்டியில் ஏற்றிக் கட்டி, மெக்கானிக் ஓட்ட, நாங்கள் இருவரும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனோம். அவர் மகளைவிட மூத்தவர். மீசையெல்லாம் நரைத்துவிட்டது. ஆனாலும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். என் காக்கிச் சட்டையைப் பார்த்துவிட்டு, "இன்னாமா, பர்ஸ்ட் ஷிப்டா?" என்றார். நான் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

அங்கே வரிசையாகத் தட்டி வைத்த அறைகள், முன்னால் சிமெண்டுத் தரை. அதைத் தாண்டி ஒரு இடுப்புயரச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் ரோடு. எங்களுக்கு ஒரு அறை. மகள் முதலில் தனியாக ஒரு முறை ஓட்டிவிட்டு வருகிறேன், பிறகு உன்னை ஏற்றிக்கொள்கிறேன் என்றாள். ஹெல்மெட் போட்டதும் அவள் முகம் போய்விட்டது. கண் மட்டும் இருந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் நான் ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

வண்டி போய்விட்டது. சத்தம் மட்டும் தூரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. நான்கைந்து கார்கள் ஒன்றாக ஓடினாலும் அவளுடையது எது என்று எனக்குத் தெரிந்தது. அது கொஞ்சம் தகர டப்பா மாதிரி கத்தும். சத்தம் சின்னதாகிப் பின்பக்கம் போகும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வேன். பெரிதாகி எங்கள் முன்னால் கடக்கும்போது விடுவேன். சுவரருகே போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

பிறகு சத்தம் வரவில்லை.

எல்லாக் கார்களின் சத்தமும் ஒரே நேரத்தில் இறங்கிவிட்டது. பக்கத்து அறைகளிலிருந்து ஆட்கள் சுவருக்குப் போனார்கள். யாரோ சிவப்புக் கொடி என்றார்கள். மெக்கானிக் கையில் வைத்திருந்த வாக்கி டாக்கியைக் காதில் அழுத்திக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"செவப்பு காட்டிட்டாங்கோ. ஒண்ணும் இல்லமா. இப்போ அக்காவ பெட்டிக்கு கொண்டாந்துருவாங்க."

பெட்டி என்றால் எங்கள் ஆட்களுக்குச் சவப்பெட்டிதான், வேறு அர்த்தம் கிடையாது. என் வீட்டுக்காரரைக் கொண்டுவந்த அன்று வீடு முழுக்க அந்தச் சொல்தான். பெட்டி வந்துடுச்சா, பெட்டிய எங்க வைக்கிறது, பெட்டிய மூடலாமா. அடுக்கி வைத்திருந்த டயர்கள் மேல் உட்கார்ந்தேன்.

"எந்தப் பெட்டி?" என்று கேட்டேன்.

"இன்னாமா?"

"அவள எந்தப் பெட்டிக்கு?"

"இதாம்மா பெட்டி. நீ குந்திகினு கீறியே, இந்த எடம். வண்டி வந்து நிக்கிற ரூமு. இங்கிலீசுல பாக்ஸும்பாங்க, நாங்க பெட்டின்னுவோம்." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ, அந்தப் பெட்டி இல்லமா. மாதா மேல சத்தியமா இல்ல." அவர் எங்கள் கோயிலைச் சேர்ந்தவர் இல்லை. ஆனாலும் மாதா மேல் சத்தியம் செய்தார்.

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கார்கள் ஒவ்வொன்றாக மெதுவாக உள்ளே வந்தன. தகர டப்பா மூன்றாவதாக வந்தது. வேறொருவருடைய கார் வளைவில் சுழன்று மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது. அவ்வளவுதான். அந்த ஆள் ஹெல்மெட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெட்கத்தோடு நடந்து வந்தார். வளைவில் கொடியோடு காவல் நிற்கிறவர்கள் அவரிடம் ஓடுவதற்குள் ஆம்புலன்ஸும் கிளம்பியிருந்ததாம். தேவைப்படவில்லை என்று திரும்பி நின்றது. என் வீட்டுக்காரர் ரோட்டில் கிடந்தபோது ஆம்புலன்ஸ் டிராபிக்கில் மாட்டிக்கொண்டிருந்தது. அது அப்போது நினைவுக்கு வந்தது. ஆனால் அதை வைத்து எதையும் யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

மகள் என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"வேணாம்மா. நீ ஏற வேணாம். இப்பவே சொல்லிடு, வித்துடறேன்."

சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்துவிட்டது. அப்போது மெக்கானிக், என்னைச் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்துத்தான், ஒன்று சொன்னார்:

"அம்மா ஏறுனா வண்டி மெதுவாதாங்கா போவும். போல்ட்டு போல்ட்டா கயிட்டி கொறச்ச வெயிட்ட எல்லாம் அம்மா ஒரே ஆளா திருப்பி ஏத்திருவாங்கோ."

"மெய்யாவா?" என்று கேட்டேன்.

"பின்ன? இத்தினி லேசு வண்டில ஒரு ஆளுன்றது பெரிய சுமைமா. வளைவுல தெரியும், பிரேக்ல தெரியும்."

விற்கிறது நாளைக்கு நடக்கிற காரியம், இன்றைக்கு அடுத்த முறையும் அவள் போகத்தான் போகிறாள். நான் பக்கத்தில் இருந்தால் மெதுவாகப் போவாள். இது எனக்கு யாரும் விளக்காமலே விளங்கியது. எழுந்து சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டேன். அதில் தண்ணீர் கேனும் அடுக்கு டிபனும் இருந்தன.

"அது இன்னாத்துக்குமா?"

"வெயிட்டுக்கு."

பக்கத்து அறைக்காரர்கள்கூட சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. கூடையை வாங்கி வைத்துவிட்டார்கள். காருக்குள் தம்மாத்துண்டு பொருள்கூடச் சும்மா கிடக்கக் கூடாதாம். உருண்டு போய் பெடலுக்குக் கீழே மாட்டிக்கொள்ளும். எனக்கும் ஹெல்மெட், கையுறை எல்லாம் மாட்டினார்கள். ஜெபமாலையையும் கேட்டார்கள். அதை மட்டும் கையுறைக்கு உள்ளே, உள்ளங்கையில் சுருட்டி வைத்து அழுத்திக்கொண்டேன். மகள் பார்த்துவிட்டு அந்தக் கையுறையின் பட்டையை இறுக்கிவிட்டாள்.

பெல்ட்டைப் போட அங்கே வேலை செய்கிற ஒரு பெண்மணியைக் கூப்பிட்டார்கள். ஆண்கள் போட்டால் நான் கூசுவேன் என்று மகளுக்குத் தெரியும். தோள் மேல் இரண்டு, இடுப்பில் இரண்டு. கட்டி இறுக்கியதும் மூட்டை மாதிரி ஆகிவிட்டேன். அவ்வளவு தாழ்வான இருக்கை. கையை வெளியே போட்டால் ரோட்டைத் தொடலாம்.

கிளம்பியதும் என்ன நடந்தது என்று வரிசையாக எனக்குச் சொல்லத் தெரியாது. முதுகை யாரோ உதைத்த மாதிரி இருந்தது. காற்று ஹெல்மெட்டைப் பிடித்து இழுத்தது. முதல் வளைவில் என் உடம்பு ஒரு பக்கம் போனது, வயிறு இன்னொரு பக்கம் போனது. பிரேக் போட்டபோது பெல்ட் தோளில் பதிந்தது. சின்னச் சின்னக் கற்கள் ஓட்டில் படபடவென்று அடித்தன. கண்ணை மூடினேன். மூடினால் இன்னும் மோசமாக இருந்தது, எந்தப் பக்கம் தள்ளப்போகிறது என்று தெரியவில்லை. திறந்துகொண்டேன். மங்கள வார்த்தை ஜெபத்தை ஆரம்பித்தேன். பாதிக்கு மேல் போகவில்லை. ஒவ்வொரு வளைவிலும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். மெதுவாகப் போகும் என்று சொன்னார்களே, இது மெதுவா என்று அந்த மெக்கானிக் மேல் கோபம் வந்தது.

பிறகு நேரான ரோடு வந்தது. அங்கேதான் சத்தம் உச்சத்துக்குப் போனது. என் கண் தன்பாட்டுக்குத் தூரத்தில் எதிர்ப்பக்கத்தைத் தேட ஆரம்பித்தது. இப்போது வரும். அந்த வளைவிலிருந்து ஒன்று வரும். வேனோ லாரியோ. இந்த ஓட்டுக்கு அது போதும். மூச்சை நிறுத்திக்கொண்டு காத்திருந்தேன். வளைவு வந்தது, திரும்பினோம், ஒன்றும் வரவில்லை.

இரண்டாவது சுற்றிலும் அதே இடத்தில் அதே மாதிரி தேடினேன். வரவில்லை. வளைவுகளில் கொடியோடு நின்றிருந்தவர்களை அப்போதுதான் பார்த்தேன். எல்லோரும் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் எனக்குக் கை ஆட்டினார். நான் ஆட்டவில்லை, என் கை இருக்கையைப் பிடித்திருந்தது. மகளின் கையைப் பார்த்தேன். அது அவசரப்படவே இல்லை. ஸ்டியரிங்கை ஏதோ தூங்குகிற பிள்ளையைப் புரட்டிப் படுக்க வைக்கிற மாதிரி திருப்பியது.

மூன்றாவது சுற்றில் நேர் ரோட்டுக்கு வந்தபோதுதான் புத்தியில் ஏறியது. இங்கே எதிரில் யாரும் வர மாட்டார்கள். எல்லோரும் ஒரே பக்கம்தான் போகிறார்கள்.

பயம் போய்விட்டது என்று எழுதினால் பொய். நெருப்பு, சுழல்வது, பறப்பது எல்லாவற்றுக்கும் பயந்துகொண்டுதான் இருந்தேன். ஆனால் அவர் போனதிலிருந்து நான் தூக்கிக்கொண்டு திரிகிற அந்தப் பயத்துக்கு மட்டும் அங்கே வேலை இல்லாமல் இருந்தது.

பெட்டிக்கு வந்து நின்றோம். பெல்ட்டை அவிழ்த்ததும் சுவரோரம் போய் வாந்தி எடுத்தேன். மகள் தண்ணீர் கேனைத் திறந்து கொடுத்துவிட்டு எதிரில் நின்றாள். ஹெல்மெட்டைக் கழற்றியதில் முடியெல்லாம் நெற்றியில் ஒட்டியிருந்தது.

"சொல்லும்மா."

எத்தனையோ பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் காக்கிப் பேன்ட்டோடு வாயைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"வீட்டுக்குப் போயி சொல்றேன்."

அவள் காரை லோடு வண்டியில் ஏற்றிக் கட்டினாள். தார்ப்பாயைப் போட்டு மூடும்போது காரின் மூக்கை ஒரு முறை தடவிவிட்டதைப் பார்த்தேன். விற்றாகிவிட்டது என்று முடிவு செய்துவிட்டாள் போலிருக்கிறது.

சாயங்காலம் திரும்பினோம். லோடு வண்டியின் முன் சீட்டில் அதே மூன்று பேர். பூந்தமல்லி நெருங்க நெருங்க ரோடு அடைத்துக்கொண்டது. ஓரத்தில் தடுப்பு வைத்திருந்த இடங்களில் பஸ்ஸும் தண்ணி லாரியும் ஒட்டிக்கொண்டு போயின. ராங் சைடில் ஒரு பைக்கில் மூன்று பேர் வந்தார்கள். அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் ஒரு கறிகாய் ஆட்டோ. லைட்டும் போடவில்லை. காலையிலும் இதே ரோட்டில்தான் போனோம், அப்போது அந்தக் காரின் பயத்தில் இதெல்லாம் கண்ணில் படவே இல்லை. எங்கள் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. ஆனாலும் என் கை வியர்த்தது.

குமணன்சாவடி வந்தது. அந்த இடத்தில் எப்போதும் போடுவது போல் சிலுவை போட்டுக்கொண்டேன். எங்களுக்கு முன்னால் ஒரு பெண் ஸ்கூட்டரில் போனாள். கழுத்தில் ஆபீஸ் அட்டை, முதுகில் பை. பஸ்ஸுக்கும் தடுப்புக்கும் நடுவில் ஒரு முழ இடத்தில் அவள் நுழைந்தாள். அதே இடத்துக்குள் எதிரிலிருந்து ஒரு ஆட்டோ வந்தது.

நான் கத்திவிட்டேன்.

மெக்கானிக் பிரேக் போட்டார். அந்தப் பெண் காலை ஊன்றி ஒதுங்கினாள், ஆட்டோ உரசாமல் போனது, அவளும் போய்விட்டாள். தினமும் நடக்கிறதுதான். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இன்னாமா நீ," என்றார் மெக்கானிக், "அங்க நூத்துக்கு மேல போறப்ப கம்முனு குந்திகினு வந்த. இங்க இருவதுல இந்தக் கத்து கத்துற."

நான் மகளைப் பார்த்தேன். வேலைக்குப் போகும்போது அவள் கழுத்திலும் இதே மாதிரி ஒரு அட்டை. அதே மாதிரி பை. அதே மாதிரி ஸ்கூட்டர். தினமும் போக ஒரு தடவை, வர ஒரு தடவை.

"வித்துடு" என்றேன்.

மெக்கானிக் ரோட்டையே பார்த்தார். மகள் தலையை ஆட்டினாள். "சரிம்மா" என்றாள். அவள் குரல் சின்னப் பிள்ளையில் காய்ச்சல் வந்தால் இருக்குமே, அப்படி இருந்தது.

"அந்தக் கார இல்ல. ஸ்கூட்டர."

"என்னது?"

"ஸ்கூட்டர வித்துடு. நான் வித்துடுன்னு சொன்னா வித்துடறேன்னியே. ஒரு வார்த்த பேசமாட்டேன்னியே."

"ஸ்கூட்டர வித்துட்டு ஆபீஸுக்கு எப்படிம்மா போறது?"

"ஆவடிக்கு பஸ்ல போ. அங்கேருந்து அம்பத்தூருக்கு ரயில்ல போ. ரயிலுக்கு எதிர்ல வர்றது பக்கத்து தண்டவாளத்துலதான் வரும்."

மெக்கானிக் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "அக்கா, மாட்டிக்கின" என்றார். மகள் சிரித்தாளா அழுதாளா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த மாதமே ஸ்கூட்டரைக் கொடுத்துவிட்டாள். ரயிலில் நின்றுகொண்டு போவது கால் வலிக்கிறது என்கிறாள், மழை நாளில் என் மேல் எரிச்சல்படுகிறாள். படட்டும். இரண்டு தெரு தள்ளி ஒரு பெண் அந்த ஸ்கூட்டரை வாங்கியிருக்கிறாள். சாயங்காலம் அந்தச் சத்தம் எங்கள் தெருவைத் தாண்டிப் போனால்தான் என்னால் மேடையை விட்டு நகர முடிகிறது. இப்போது அந்தப் பெண்ணுக்காகவும் ஜெபிக்க வேண்டியதாகிவிட்டது.

கார் குமணன்சாவடிக் கொட்டகையில்தான் இருக்கிறது. நான் மறுபடி அதில் ஏறவில்லை, ஏறவும் மாட்டேன். டிராக் டே என்றால் கூடவே போவேன். புடவையிலேயே போவேன். சுவருக்கு முதுகைக் காட்டி, டயர்கள் மேல் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். சத்தம் சின்னதாகும்போது இன்னும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

அந்த மெக்கானிக் என் காதுபட அந்தச் சொல்லைச் சொல்வதே இல்லை. மற்றவர்களையும் சொல்ல விடுவதில்லை. போன முறை வாக்கி டாக்கியை வைத்துக்கொண்டு, "அக்கா பெ..." என்று ஆரம்பித்தவர் என்னைப் பார்த்துவிட்டு நிறுத்தி, "பெரிய ரூமுக்கு வந்துகினு கீறாங்கோ" என்று முடித்தார். நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.